சின்ன டீசல் காரில் முழு மைலேஜ் எடுப்பது எப்படி: 1.3 டிடிஐஎஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட், புன்டோ. பெயர்கள் வேறு வேறு என்றாலும் இவற்றின் டீசல் மாடல்களில் பானெட்டுக்குள் இருப்பது ஒரே குடும்பத்து இன்ஜின்: ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. மாருதி இதை டிடிஐஎஸ் என்று விற்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதனால் இன்று ஓடிக்கொண்டிருக்கும் டிடிஐஎஸ் எல்லாமே வயதான வண்டிதான். அதில் மைலேஜ் எடுப்பது பாதி ஓட்டும் விதத்திலும், பாதி வயதால் வந்த சின்னச் சின்னக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதிலும் இருக்கிறது.

கடைசியாக வந்த ஸ்விஃப்ட், டிசையர் டீசலுக்கு, வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பின் கணக்கு லிட்டருக்கு 28.4 கிலோமீட்டர். அது ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த எண். நல்ல நிலையில் இருக்கும் வண்டி நகர நெரிசலில் 15 முதல் 18, நெடுஞ்சாலையில் 20 முதல் 24 வரை கொடுத்தால் அது ஆரோக்கியம். நெடுஞ்சாலையிலேயே 17-ஐத் தாண்டவில்லை என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

அளக்காமல் ஆரம்பிக்காதீர்கள்

மீட்டரில் தெரியும் சராசரி மைலேஜை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். அது பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். 500 ரூபாய்க்கு டீசல் போட்டு, எச்சரிக்கை விளக்கு எரியும்வரை ஓட்டிக் கணக்குப் போடுவதும் சரிவராது. வண்டி சாய்ந்து நின்றால்கூட அந்த விளக்கு முன்பின் எரியும்.

ஃபுல் டேங்க் முறை ஒன்றுதான் சரி. ஒரே பங்க், முடிந்தால் ஒரே மெஷின், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். தானாகக் கட் ஆனதும் ஒரு நிமிடம் பொறுங்கள். டீசல் நுரைக்கும், நுரை அடங்கினால்தான் உண்மையான மட்டம் தெரியும். பிறகு இரண்டாவது கட் வரை மெதுவாக நிரப்பி அதோடு நிறுத்துங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். குறைந்தது 400 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே முறையில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரம் 512, பிடித்த டீசல் 24.6 லிட்டர் என்றால் மைலேஜ் 20.8. ஒரு தடவை நிரப்புவதில் அரை லிட்டர் முன்பின் ஆகலாம் என்பதால் மூன்று ஃபுல் டேங்க் கணக்கைச் சேர்த்து வகுத்த எண்ணைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும். இனி எந்த மாற்றம் செய்தாலும் ஒவ்வொன்றாகச் செய்து இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே நாளில் ஃபில்டர், டயர், ஆயில் மூன்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியவே தெரியாது.

டயர் அளவு மாற்றிய வண்டிக்கு ஒரு திருத்தம் உண்டு. கம்பெனி தரும் 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் 634. மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 102 ஓடியிருக்கும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் குறைந்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான். மீதி, அகலமான டயரின் உராய்வும் எடையும்.

டீசலைப் பெட்ரோல் போல ஓட்டக்கூடாது

பெட்ரோல் இன்ஜினில் காற்றுவழியைப் பாதி மூடித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது இன்ஜின் அந்த அடைப்பை எதிர்த்துக் காற்றை இழுக்கப் பாடுபடும். டீசலில் காற்று ஏறக்குறைய தாராளமாகவே உள்ளே போகும், டீசலின் அளவு மட்டும் கூடிக் குறையும். ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, ஏற ஏற உள் உராய்வில் போகும் டீசலும் ஏறும். எனவே குறைந்த ஆர்பிஎம்-ல், ஓரளவு நல்ல பாரத்தோடு வேலை செய்யும்போதுதான் இன்ஜின் ஒவ்வொரு துளிக்கும் அதிக வேலை கொடுக்கும். 75 குதிரைத்திறன் டிடிஐஎஸ்ஸுக்கு அதிகபட்ச இழுவை 190 நியூட்டன் மீட்டர், அது 2000 ஆர்பிஎம்-ல் கிடைக்கிறது. குறி வைக்க வேண்டிய இடம் அதுதான்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். கிளம்பியதும் ஆக்ஸிலரேட்டரை முட்டையை மிதிப்பதுபோல் மிதித்து அரை நிமிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். பாதி அளவு உறுதியாக மிதித்து, 2000-ஐத் தொட்டதும் அடுத்த கியர். மேலே போட்ட பிறகு முள் 1500-க்கு அருகில் வந்து நின்றால் சரியான நேரத்தில் மாற்றியிருக்கிறீர்கள். சமதளத்தில் 60 வந்ததும் ஐந்தாவது கியருக்குப் போய்விடலாம். 80-ல் ஐந்தாவது கியரில் முள் 2000-க்குக் கீழேதான் நிற்கும்.

மைலேஜ் ஆசையில் பலர் செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது: 35-ல் நான்காவது கியர், 1200-க்கும் குறைந்த ஆர்பிஎம். இந்த இன்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ 1800 வாக்கில்தான் நன்றாக விழிக்கும். அதற்குக் கீழே அழுத்தி மிதித்தால் உள்ளே போகும் டீசலுக்கு ஏற்ற காற்று இருக்காது. வண்டி முக்கும், ஸ்டியரிங் அதிரும், பின்னால் கரும்புகை வரும். அந்தப் புகை எரியாமல் போன உங்கள் டீசல். அதே கரி, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்விலும் காற்றுக் குழாயிலும் படிந்து பின்னாளில் செலவு வைக்கும். முக்குகிறது என்று தோன்றினால் யோசிக்காமல் ஒரு கியர் இறக்குங்கள்.

இதையெல்லாம்விடப் பெரியது பிரேக். ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் 80 வேகத்தில் வைத்திருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 300 கிலோஜூல். அந்த வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவர இன்ஜின் சுமார் 27 மில்லிலிட்டர் டீசலை எரித்திருக்கும். சுங்கச்சாவடிக்கு முன் கடைசி நிமிடத்தில் பிரேக் பிடித்து நின்றால் அத்தனையும் பிரேக் பேடில் சூடாகப் போகிறது. அரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக்கூடிய டீசல் அது. நகரத்தில் வேகத்தடை, சிக்னல், குறுக்கே திரும்பும் ஆட்டோ என்று ஒரு நாளில் எத்தனை முறை இப்படி நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கண் முன்னால் போகும் வண்டியில் இல்லாமல் அதற்கும் இரண்டு மூன்று வண்டி தள்ளி இருக்க வேண்டும். சிக்னல் சிவப்பாவது 300 மீட்டர் தள்ளியே தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிடுங்கள், கியரை எடுக்காதீர்கள். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் டீசலை முழுக்க நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். ஆர்பிஎம் ஏறத்தாழ ஐடிலுக்கு இறங்கும்போதுதான் மறுபடி டீசல் வரும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க ஐடில் டீசல் போய்க்கொண்டே இருக்கும். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்பது பழைய வண்டிக் காலத்துப் பாடம், கணினி கட்டுப்பாட்டில் டீசல் பீச்சும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினுக்கு அது பொருந்தாது.

மலைப்பாதையில் இது உயிர்ப் பிரச்சினை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது மைலேஜுக்கும் சரியான விதி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 1900 மீட்டர் உயரம். நான்கு பேரோடு 1400 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே சுமார் 2 லிட்டர் டீசல் கூடுதலாக ஆகும். இறங்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் காலை எடுத்துவிட்டால் பெரும்பகுதி வழிக்கு டீசல் செலவே இல்லை, பிரேக்கும் சூடேறாது. நியூட்ரலில் இறங்கினால் டீசலும் போகும், கொண்டை ஊசி வளைவில் பிரேக்கும் பிடிக்காமல் போகலாம். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் இன்ஜினால்தான் ஓடுகிறது; இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும். இதை யாரும், எந்தச் சரிவிலும் செய்யக்கூடாது.

வேகத்தின் விலை

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்கு கூடுகிறது, காற்றுத் தடையோ 1.56 மடங்காகிறது. 80-ல் 24 கொடுக்கும் வண்டி 100-ல் 20-க்கு இறங்குவது இதனால்தான். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். 100-ல் நிலையாகப் போக முடிந்தால் 3 மணி 18 நிமிடம், 16.5 லிட்டர். 80-ல் 4 மணி 8 நிமிடம், 13.75 லிட்டர். ஐம்பது நிமிடத்துக்கு இரண்டே முக்கால் லிட்டர். 85 முதல் 90 வரை வைத்துக்கொள்வது நேரத்துக்கும் டீசலுக்கும் ஒத்துப்போகும் நடுநிலை. வேகத்தைவிட அதன் ஏற்ற இறக்கம் கெடுதல்: 70, 110, 75, 105 என்று லாரிகளை முந்திக்கொண்டே போகும் வண்டி, சராசரி 90 வந்தாலும், நிலையாக 90-ல் போகும் வண்டியைவிட அதிகம் குடிக்கும்.

மேலே கேரியர் மாட்டியிருந்தால் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். காலியாக இருந்தாலும் நெடுஞ்சாலையில் அது காற்றைப் பிடித்து இழுக்கும்.

ஏசி விஷயத்தில், 50 வரை ஜன்னலைத் திறந்து ஓட்டுவது சிக்கனம்; அதற்கு மேல் ஜன்னலை மூடி ஏசி போடுவதே மேல். வெயிலில் நின்ற வண்டிக்குள் ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் திருப்பாமல், கதவுகளைத் திறந்து வைத்து, முதல் ஒரு கிலோமீட்டர் ஜன்னலை இறக்கி வெப்பக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு உள்காற்றுச் சுழற்சியில் வைத்துப் போடுங்கள். நின்றுகொண்டிருக்கும் இன்ஜின் மணிக்கு அரை லிட்டர் அளவு குடிக்கும், ஏசியோடு இன்னும் கூடும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் அணைத்துவிடலாம். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தும்போது மட்டும் விதிவிலக்கு: டர்போ ஆறுவதற்கு அரை முதல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் சூடாக்கும் பழக்கம் தேவையில்லை. ஹீட்டர் லைட் அணைந்ததும் ஸ்டார்ட் செய்து, அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் 3 கிலோமீட்டர் 2000-க்குள் ஓட்டினால் வேகமாகச் சூடேறும்.

டயர்

காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஸ்விஃப்ட் டீசல் போன்ற வண்டிகளுக்கு மாடலையும் பாரத்தையும் பொறுத்து 30-ஐ ஒட்டிய பிஎஸ்ஐ எண்கள் இருக்கும். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் அதில் முழுப் பாரத்துக்குப் போட்டிருக்கும் எண்ணைப் பிடியுங்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் 3, 4 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். பங்க்கில் அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைவான காற்றோடு நிற்கும். மைலேஜுக்காக 40 பிடிப்பதும் தவறு. மழையில் பிரேக் பிடிக்காது, நடுப்பகுதி மட்டும் தேயும். நைட்ரஜன் மைலேஜைக் கூட்டாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் போலவும் இருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது.

ஓட்டும் விதம் சரி, மைலேஜ் மட்டும் வரவில்லை என்றால்

செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் இன்ஜெக்டர் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

முதலில் பிரேக் பிடிப்பு. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கையை நான்கு சக்கரத்தின் அருகிலும் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பக்கம் காலிப்பர் பின் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது, அல்லது பின் டிரம்மில் ஹேண்ட் பிரேக் கேபிள் முழுதாக விடவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகும். பின்னைக் கழற்றித் துருவைத் துடைத்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் போட்டால் தீரும். கடலோர ஊர்களில் இது அடிக்கடி வரும்.

அடுத்தது கிளட்ச். நான்காவது கியரில் 50 வேகத்தில் முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது.

மூன்றாவது, எல்லோரும் மறந்துவிடும் தெர்மோஸ்டாட்: இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகாமல் தடுக்கும் வால்வு. நம் ஊரில் இன்ஜின் சூடாகிறது என்றால் சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பழசாகித் திறந்தபடி சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது நெடுஞ்சாலைக் காற்றில் இன்ஜின் 60, 65 டிகிரியைத் தாண்டாது. இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு கூடுதல் டீசல் விடும். ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி என்ற சோதனை போர்ட்டில் மாட்டும் சின்னப் புளூடூத் கருவியை வாங்கி மொபைலில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். பத்து கிலோமீட்டருக்குள் 80-ஐத் தாண்டி, பிறகு அங்கேயே நிலையாக நிற்க வேண்டும். இறக்கத்தில் 65-க்கு விழுந்து ஏற்றத்தில் ஏறுகிறது என்றால் புதிய தெர்மோஸ்டாட் போடுங்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மைலேஜைத் திருப்பித் தரும் பாகம் வேறு இல்லை.

பிறகு காற்றுவழி. ஏர் ஃபில்டரை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மண் சாலை, செங்கல் சூளை, கிரஷர் பக்கம் ஓடும் வண்டிக்கு 5,000. டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் மூட்டுகளில் ஈரமான ஆயில் கசிவோ வெடிப்போ இருந்தால், அழுத்தக் காற்று அங்கே வெளியேறுகிறது. முடுக்கும்போது உஸ்ஸென்ற சத்தம், இழுவைக் குறைவு, கரும்புகை மூன்றும் சேர்ந்து வரும். பாதி நேரம் கிளாம்ப் இறுக்கினாலே சரியாகிவிடும்.

இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி சிக்கினாலும் இதே போன்ற புகையும் மந்தமும் வரும், ஆனால் உஸ் சத்தம் இருக்காது. கழற்றி, கார்பரேட்டர் கிளீனர் அடித்து, பித்தளை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் இருக்கும் பக்கம் திரவம் போகக்கூடாது. கேஸ்கட் புதிதாகப் போட வேண்டும். தகடு வைத்து இஜிஆரை அடைத்துவிடும் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும், செக் இன்ஜின் விளக்கும் எரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர். லீக் ஆஃப் சோதனை கேளுங்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களிலும் தனித்தனி பாட்டில் மாட்டி, சில நிமிடம் ஐடிலில் ஓட்டுவார்கள். நான்கிலும் மட்டம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த ஒன்றுதான் தேய்ந்திருக்கிறது. நான்கையும் மாற்றத் தேவையில்லை.

ஆயில், ஃபில்டர், புதிய வண்டிகள்

கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். வெயில் நாடு என்று சொல்லி 15டபிள்யூ-40 ஊற்றினால் மைலேஜ் குறைவதோடு, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டைமிங் செயின் டென்ஷனருக்கும் காலையில் எண்ணெய் மெதுவாகவே போய்ச் சேரும். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரை, விளக்கு எரியக் காத்திராமல், மழைக்காலத்தில் ஒருமுறை வடித்துவிடுங்கள். மண்ணெண்ணெய் கலந்த டீசலுக்கு வழவழப்பு இல்லை. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கும் காமன் ரெயில் பம்ப் அதில் தேய்ந்து உலோகத் தூளை இன்ஜெக்டர்வரை அனுப்பிவிடும். பங்க்கின் அளவில் சந்தேகம் வந்தால் அங்கேயே 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அது வாடிக்கையாளரின் உரிமை.

கிராண்ட் ஐ10 நியாஸ், ஆல்ட்ரோஸ் போன்ற பிஎஸ்-6 டீசல் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவனம்: டிபிஎஃப். கரியைப் பிடித்து வைக்கும் அந்த வடிகட்டி, நிரம்பியதும் கூடுதல் டீசல் விட்டுத் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த நேரத்தில் ஐடில் சற்று ஏறும், ரேடியேட்டர் ஃபேன் ஓடும், மைலேஜ் சட்டென்று விழும். பாதியில் அணைத்தால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்கும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கி டிப் ஸ்டிக் மட்டம் ஏறும். தினமும் 3 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியை வாரத்துக்கு ஒருமுறை 20, 25 நிமிடம் 60-க்கு மேல், 2000 ஆர்பிஎம் அளவில் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயில், கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண ஆயிலின் சாம்பல் எரிந்து போகாது, டிபிஎஃப்புக்குள்ளேயே தங்கிவிடும்.

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மைலேஜ் கருவி இவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் காற்றழுத்த கேஜும் ஓபிடி கருவியும் வாங்கிவிடலாம்.